மணியின் முதல் இலையுதிர் காலம்: குளிரைவிடத் தரையைக் கவனியுங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் பயன்படும். லண்டனில் நியூ மால்டன் பக்கம் இருக்கிறீர்கள். ஏழு மாதக் காக்கபூ (காக்கர் ஸ்பானியலும் பூடிலும் கலந்த நாய்) குட்டி, பெயர் மணி. ஏப்ரலில் வீட்டுக்கு வந்தவன், அதனால் அவனுக்கும் உங்களுக்கும் இதுதான் சேர்ந்து பார்க்கும் முதல் இலையுதிர் காலம். வேலை முடிந்து மாலை ஆறு மணிக்கு ஒரு நடை, சனி ஞாயிறு ரிச்மண்ட் பார்க். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா, “இந்தக் குளிர்ல பிள்ளைய வெளிய இழுத்துட்டுப் போகாதே” என்கிறார். ஸ்வெட்டர் வாங்க வேண்டுமா, வேறு எதற்கெல்லாம் கவனமாக இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் தென்மேற்கு லண்டனில் ஒரு வெட் (கால்நடை மருத்துவர்) கிளினிக்கில் நர்ஸாக இருக்கிறேன். செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் பாதி வரை எங்களுக்கு வரும் போன்களில் குளிரால் வந்தது என்று சொல்லக்கூடியவை மிகக் குறைவு. பார்க்கில் எதையோ தின்றுவிட்டது, விரலிடுக்கை விடாமல் நக்கிக்கொண்டே இருக்கிறது, இருட்டில் காணவில்லை, வெடிச்சத்தத்தில் கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு ஓடிவிட்டது. திரும்பத் திரும்ப இவைதான். ஆகவே குளிருக்கு ஒரு பங்கு கவலை வைத்தால் தரையில் கிடப்பவற்றுக்கு மூன்று பங்கு வையுங்கள்.

அம்மாவின் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். அக்டோபர் பகலில் இங்கே 15 டிகிரியை ஒட்டி இருக்கும். நமக்கு ஜாக்கெட் தேவைப்படும் அந்தக் காற்று, ஓடியாடும் ஆரோக்கியமான நாய்க்கு இதமாகத்தான் இருக்கும். நாயின் உடம்பு இயல்பாகவே 38, 39 டிகிரி சூட்டில் இருப்பது, அதற்கு மேல் முடிப் போர்வை வேறு. அது திணறுவது ஜூலையில்தான். ஸ்வெட்டரோ கோட்டோ தேவைப்படும் நாய்கள் உண்டு: விப்பெட், கிரேஹவுண்ட் மாதிரி ஒட்டிய முடியும் கொழுப்பில்லாத உடம்பும் உள்ளவை, சிவாவா போன்ற சின்ன உடம்புக்காரர்கள், வயதானவை, நோயிலிருந்து தேறிவருபவை, குரூமரிடம் ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தவை. மணிக்கு இப்போது வேண்டாம். நடக்கும்போது நடுங்கினாலோ, வாலை ஒடுக்கிக்கொண்டு வீட்டுப் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ அன்றைக்குச் சீக்கிரம் திரும்பிவிடுங்கள், போதும்.

நனைவதுதான் கவனிக்க வேண்டியது. காக்கபூவின் சுருட்டை முடி தண்ணீரைத் தோலோடு சேர்த்துப் பிடித்துவைத்துக்கொள்ளும். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், அக்குளில் விரலை விட்டுப் பார்த்தால் சொதசொதவென்று இருக்கும். மழை நாளுக்கு உள்துணி இல்லாத மெல்லிய வாட்டர்ப்ரூஃப் கோட் ஒன்று போதும், அதையும் வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிட வேண்டும். நனைந்த ஸ்வெட்டரோடு விடுவது ஸ்வெட்டரே போடாததைவிட மோசம். துண்டால் துடைக்கும்போது அக்குள், வயிறு, காதுமடலின் உள்பக்கம், விரலிடுக்கு இந்த நான்கையும் விட்டுவிடாதீர்கள். காது தொங்கும் இனம் என்பதால் உள்ளே ஈரம் தங்கினால் சில நாளில் புளித்த வாடை வரும், தலையை உதறிக்கொண்டே இருப்பான். அது காதில் தொற்று வந்ததற்கான அடையாளம், வெட்டிடம் காட்ட வேண்டும். இன்னொன்று, சிக்கு இருக்கும்போது நனைந்தால் அந்தச் சிக்கு இறுகி மெத்தைபோல் ஆகிவிடும். கிளம்பும் முன்பே ஒருமுறை சீவிவிடுங்கள்.

சரி, இப்போது தரைக்கு வருவோம். ஏழு மாதக் குட்டி உலகத்தை வாயால்தான் தெரிந்துகொள்கிறது. இந்த இரண்டு மாதங்களில் மரங்கள் எல்லாமே கீழே எதையாவது போட்டுக்கொண்டிருக்கும்.

முதலில் ஹார்ஸ் செஸ்ட்நட், இங்கே குழந்தைகள் கான்கர் என்று பொறுக்கி விளையாடுவது. பளபளவென்ற பழுப்புக் கொட்டை, அதில் வெளிறிய வட்டமான தழும்பு ஒன்று இருக்கும். வெளித்தோல் தடித்த பச்சை, அதன்மேல் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குட்டையான முட்கள். இதில் ஈஸ்குலின் என்ற நச்சு இருக்கிறது. தின்ற நாய்க்கு வாந்தி, வயிற்றுப்போக்கு, எச்சில் ஒழுகுதல், வயிற்றுவலி, தள்ளாட்டம் வரலாம். சில மணி நேரத்திலேயே தொடங்குவது வழக்கம், சில சமயம் இரண்டு நாள் கழித்தும் தெரியும். நச்சு ஒருபுறம் இருக்க, முழுதாக விழுங்கிய கொட்டை குடலில் அடைத்துக்கொண்டால் ஆபரேஷன்தான். மணியின் அளவுள்ள நாய்க்கு இது நிஜமான ஆபத்து. நாம் வறுத்துத் தின்னும் ஸ்வீட் செஸ்ட்நட் வேறு மரம். அதன் தோல் நெருக்கமான ஊசி முட்களால் மூடியிருக்கும், கொட்டை ஒரு பக்கம் தட்டையாக, நுனியில் சின்னக் குடுமியோடு இருக்கும். அதில் நச்சு இல்லை. ஆனாலும் அதுவும் தொண்டையிலோ குடலிலோ சிக்கும், அந்த முள்தோல் வாயைக் குத்தும். இரண்டையுமே வாய்க்குப் போகவிடாமல் இருப்பது நல்லது.

அடுத்தது ஓக் மரத்தின் கொட்டை, ஏகார்ன். ரிச்மண்ட் பார்க்கில் ஆயிரத்துக்கும் மேல் முதிய மரங்கள் நிற்கின்றன, பெரும்பாலானவை ஓக். விளைச்சல் நன்றாக இருக்கும் வருடங்களில் கூழாங்கல் கொட்டிய மாதிரி இறைந்து கிடக்கும். மான்கள் அதைத் தின்றுதான் குளிர்காலத்துக்கு உடம்பில் கொழுப்புச் சேர்க்கின்றன. நாய்க்கு அதிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் ஒத்துக்கொள்ளாது. ஒன்றைக் கடித்துத் துப்பினால் பதற வேண்டியதில்லை. தினமும் பொறுக்கித் தின்பது, ஒரே மூச்சில் நிறையத் தின்பது, பச்சையாக இருப்பதைத் தின்பது இவைதான் வாந்தியிலும் இரத்தம் கலந்த கழிச்சலிலும் கொண்டுபோய் விடும். சிறுநீரகம் வரை போவது அபூர்வம்.

காளான் விஷயத்தில் எந்தச் சமரசமும் வேண்டாம். இங்கே முளைப்பவற்றில் பெரும்பாலானவை தீங்கில்லாதவை. ஆனால் டெத் கேப் என்ற ஒன்று ஓக், பீச் மரங்களின் அடியில்தான் வளர்கிறது. வெளிறிய பச்சை கலந்த குடை, குடையின் அடியில் செவுள் மாதிரி வெள்ளை மடிப்புகள், தண்டில் ஒரு வளையம், மண்ணுக்குள் ஒரு பை. பார்க்கச் சாதுவாக இருக்கும். தின்று ஆறு மணி நேரத்துக்கு மேல், சில சமயம் அரை நாள் கழித்துத்தான் வாந்தி தொடங்கும். பிறகு தேறிவிட்டது போலத் தோன்றும். அந்த இடைவெளியில் ஈரல் பழுதாகிக்கொண்டிருக்கும். நாய் சரியாகிவிட்டது என்று வீட்டிலேயே வைத்துக்கொள்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். அதனால் எந்தக் காளானைத் தின்றாலும் அறிகுறிக்குக் காத்திருக்காமல் உடனே வெட்டை அழையுங்கள். மிச்சம் கிடந்தால் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு போங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் அழுகிக் கூழாகி அடையாளம் தெரியாமல் போய்விடும். முளைத்திருந்த இடத்தையும் பக்கத்து மரத்தையும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தேவாலய வளாகங்களை ஒட்டி நடப்பவர்களுக்கு யூ மரம். கரும்பச்சை ஊசியிலை, இந்தப் பருவத்தில் கிண்ணம் மாதிரி சின்னச் சிவப்புப் பழம். பழத்தின் சிவப்புச் சதையைத் தவிர இலை, பட்டை, விதை எல்லாமே இதயத்தைத் தாக்கும் நச்சு. காற்றில் ஒடிந்து விழுந்த யூ கிளையை நாய் கவ்வி விளையாடுவதும் ஆபத்து. குச்சி எறிந்து விளையாடுவதே வேண்டாம் என்பது என் கருத்து. ஓடும் வேகத்தில் தரையில் குத்திட்டு நிற்கும் குச்சி வாய்க்குள் பாய்ந்து தொண்டையைக் கிழித்த நாய்களை ஆபரேஷன் மேஜையில் பார்த்திருக்கிறேன். ஒரு ரப்பர் பந்தைக் கையோடு எடுத்துப் போங்கள்.

பக்கத்துத் தோட்டத்து ஆப்பிள் நடைபாதையில் விழுந்து அழுகிக் கிடக்கும். அது நாளாக ஆகப் புளித்துச் சாராயமாகும், உள்ளே குளவியும் இருக்கும். பூஞ்சை பிடித்த கொட்டைகளும் உரக்குப்பையும் இன்னும் மோசம். சில பூஞ்சைகளின் நச்சு நாய்க்கு உடம்பெல்லாம் நடுக்கத்தையும் வலிப்பையும் கொண்டுவரும். தெருவில் கோழி எலும்பு எப்போதும் உண்டு. அக்டோபர் 31 ஹாலோவீனுக்கு மறுநாள் காலை, நடைபாதையில் சாக்லேட்டும் மிட்டாய்த் தாளும் சேர்ந்து கிடக்கும். அன்றைக்கு மட்டும் வாரைக் குட்டையாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நத்தைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஈரமான மாலைகளில் ஓடுள்ளதும் ஓடில்லாததுமாகப் புல்லெங்கும் ஊரும். சில குட்டிகள் அதை ருசித்துத் தின்னும். அதன் மூலம் லங்வேர்ம் என்ற புழு நாயின் உடம்புக்குள் போய் இதயத்திலும் நுரையீரல் இரத்தக் குழாய்களிலும் தங்குகிறது. இருமல், சீக்கிரம் களைத்துப்போவது, சின்னக் காயத்திலும் இரத்தம் நிற்காமல் வருவது இதன் அடையாளங்கள். தென் இங்கிலாந்தில் இது பரவலாக இருக்கிறது. கடையில் வாங்கும் சாதாரணப் புழுமாத்திரை பலவும் இதற்கு வேலை செய்யாது. மாதாமாதம் கொடுக்கும் மருந்தை வெட்தான் எழுதித் தர வேண்டும். மணிக்கு இப்போது கொடுப்பது இதையும் சேர்த்துத் தடுக்கிறதா என்று ஒரு போன் செய்து கேட்டுவிடுங்கள். நத்தையைக் கொல்லப் போடும் மெட்டால்டிஹைடு குருணை நாய்க்கும் நச்சு, அதை 2022 மார்ச் இறுதியோடு பிரிட்டனில் வெளிப்புறப் பயன்பாட்டிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஆனாலும் பழைய டப்பா ஏதாவது ஷெட்டில் கிடக்கலாம், பாருங்கள். குளிர் தொடங்கியதும் கார்களுக்கு ஊற்றும் ஆன்டிஃப்ரீஸ் இனிப்பாக இருக்கும். ஒரு சிறு தேக்கத்தை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும். குடித்துவிட்டுத் தள்ளாடுகிறதென்றால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

இவ்வளவையும் கேட்டால் வாய்க்கு மூடி போட்டுத்தான் கூட்டிப்போக வேண்டும் என்று தோன்றும். சில பெருந்தீனி நாய்களுக்கு அதுவும் சரியான வழிதான், கூடை மாதிரியான மூடியில் மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் தடை இருக்காது. ஆனால் மணியின் வயதில் பழக்கிவிட்டாலே போதும். இந்த ஒரு பழக்கத்துக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் கொடுங்கள். வீட்டில் தொடங்குங்கள். மூடிய கையில் சாதாரண பிஸ்கட் ஒன்றை வைத்து நீட்டுங்கள். நக்குவான், சுரண்டுவான், குரைப்பான். ஒன்றும் சொல்லாதீர்கள். ஒரு கணம் மூக்கைப் பின்னால் இழுத்ததும் “சபாஷ்” என்று சொல்லி மற்ற கையிலிருந்து கோழித் துண்டு ஒன்றைக் கொடுங்கள். விட்டுவிட்டால் அதைவிட நல்லது கிடைக்கும் என்று அவனுக்குப் புரிந்த பிறகு சொல்லைச் சேருங்கள். “விடு” என்றாலும் சரி, “லீவ் இட்” என்றாலும் சரி, அம்மா உட்பட வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். பிறகு தரையில் வைத்துக் காலால் மூடிப் பழக்குங்கள். பிறகு தோட்டம், பிறகு தெரு, கடைசியாகப் பார்க்.

ஏற்கெனவே வாயில் இருப்பதைக் கத்திக்கொண்டு துரத்திப் பிடுங்காதீர்கள். துரத்தினால் குட்டி செய்யும் முதல் வேலை விழுங்குவது. குனிந்து உட்கார்ந்து, வாசனையுள்ள தீனியை மூக்கருகில் கொண்டுபோனால் வாயில் இருப்பதைப் போட்டுவிடுவான். அவன் அதை மெல்லும்போது கீழே கிடப்பதை நிதானமாக எடுத்துவிடலாம். அதனால் இந்த இரண்டு மாதமும் சட்டைப்பையில் காய்ந்த பிஸ்கட்டுக்குப் பதில் கோழியோ சீஸோ இருக்கட்டும்.

அப்படியும் ஏதாவது விழுங்கிவிட்டால்: என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு. இந்த மூன்றையும் வெட்டிடம் சொல்லுங்கள். இரவு நேரமென்றால் உங்கள் கிளினிக்கின் எண்ணை அழைத்தாலே அவசர சிகிச்சை எங்கே கிடைக்கும் என்று சொல்லும். அனிமல் பாய்சன்லைன் என்று 24 மணி நேரச் சேவை ஒன்றும் இருக்கிறது, கட்டணம் உண்டு, எண்ணை இப்போதே போனில் ஏற்றிவையுங்கள். நம் வீடுகளில் வாந்தி எடுக்க உப்புத்தண்ணீர் கொடுக்கும் பழக்கம் இருக்கிறது. நாய்க்கு அதைச் செய்யவே கூடாது, உப்பே நச்சாகி உயிரைப் பறிக்கும். பால், மஞ்சள், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். நமது பாரசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் நாய்க்கு விஷம். வாந்தி எடுக்க வைப்பதற்குக் கிளினிக்கில் ஊசி இருக்கிறது, அது சில நிமிடத்தில் வேலை செய்யும்.

அடுத்து விரலிடுக்கு. நடந்துவிட்டு வந்தபின் மணி பாதத்தைக் கடித்துக்கொண்டே இருந்தால், வெளிச்சத்தில் உட்காரவைத்து விரல்களைப் பிரித்துப் பாருங்கள். மிளகாய்ப்பொடி சிந்திய மாதிரி ஆரஞ்சு நிறத்தில் சின்னப் புள்ளிகள் ஒட்டிக்கொண்டிருந்தால் அது ஹார்வெஸ்ட் மைட். அதன் குஞ்சுப் பருவம் மட்டுமே நாயைக் கடிக்கும், சில நாள் ஒட்டியிருந்துவிட்டு விழுந்துவிடும். காதுமடலின் ஓரத்தில் உள்ள சின்ன மடிப்பு, அடிவயிறு ஆகிய இடங்களும் அதற்குப் பிடித்தவை. கோடைக் கடைசியில் தொடங்கி முதல் உறைபனி வரை இருக்கும், வெயில் அடிக்கும் காய்ந்த பகலில்தான் சுறுசுறுப்பு அதிகம். நீண்ட புல்லைத் தவிர்த்து வெட்டிய புல்லிலும் பாதையிலும் நடந்தால் பாதிப் பிரச்சினை குறையும். அரிப்பு கடுமையாக இருந்தால் வெட்டிடம் மருந்து இருக்கிறது.

உண்ணி வசந்தத்தில் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள், இலையுதிர் காலத்தில் அதற்கு இன்னொரு சுற்று உண்டு. மான்கள் இருக்கும் ரிச்மண்ட் பார்க்கில் கட்டாயம் இருக்கும், லைம் நோயைப் பரப்பக்கூடியது. ஒவ்வொரு நடைக்குப் பிறகும் தலை, காது, கழுத்து, அக்குள் எல்லாம் விரல்நுனியால் தடவிப் பாருங்கள். சுருட்டை முடிக்குள் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் ஒரு மரு மாதிரி தட்டுப்படும். கொக்கி மாதிரியான உண்ணி எடுப்பான் சில பவுண்டுக்குக் கிடைக்கும். தோலோடு ஒட்ட நுழைத்துச் சுழற்றி எடுங்கள். நெருப்பு வைப்பது, வாசலின் தடவுவது, நகத்தால் நசுக்குவது எல்லாம் உண்ணி தன் வயிற்றில் உள்ளதை நாயின் உடம்புக்குள்ளேயே கக்க வழிசெய்யும்.

காட்டு நடைக்குப் பின் வரும் ஒரு நோயைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். 2009 வாக்கில் நாட்டிங்ஹாம்ஷர் ஷெர்வுட் காடு, நார்ஃபோக் பக்கத்துக் காடுகளில் நடந்துவிட்டு வந்த நாய்கள் ஒன்று முதல் மூன்று நாளுக்குள் கடும் வாந்தியும் கழிச்சலும் சோர்வுமாக விழுந்தன. சீசனல் கேனைன் இல்னஸ் என்று பெயர் வைத்தார்கள். ஆகஸ்ட் முதல் நவம்பர் வரைதான் வருகிறது. ஹார்வெஸ்ட் மைட் மீது சந்தேகம் உண்டு, காரணம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை. சீக்கிரம் சலைன் ஏற்றிப் பார்த்துக்கொண்டால் பெரும்பாலானவை பிழைத்துவிடுகின்றன. விடுமுறைக்கு அந்தப் பக்கம் காட்டுக்குப் போய்வந்து வாந்தி தொடங்கினால், எந்தக் காட்டுக்கு எந்த நாளில் போனீர்கள் என்று வெட்டிடம் சேர்த்துச் சொல்லுங்கள்.

அலபாமா ராட் பற்றி நண்பர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார்கள். பயமூட்டும் நோய்தான், ஆனால் மிக அபூர்வம். இங்கிலாந்தில் 2012 இறுதியில் நியூ ஃபாரஸ்ட் பக்கம் முதலில் கவனித்தார்கள். பெரும்பாலும் நவம்பர் முதல் மே வரை, சேறான காட்டில் நடந்த நாய்களுக்கு வந்திருக்கிறது. பாதத்திலோ காலிலோ காரணமில்லாமல் ஒரு புண் வரும், சில நாளில் சிறுநீரகம் செயலிழக்கும். காரணம் இதற்கும் தெரியவில்லை. சேற்றைக் கழுவினால் நிச்சயம் தடுக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது, இருந்தாலும் கழுவுவது நல்லது. வெதுவெதுப்பான தண்ணீர் போதும். தினமும் ஷாம்பு போட்டால் தோல் வறண்டுவிடும். கழுவும்போது புண் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்பதே எனக்குப் பெரிய லாபமாகத் தெரிகிறது. தேங்கிய குட்டைத் தண்ணீரைக் குடிக்கவிடாதீர்கள், எலிக்காய்ச்சலுக்கான லெப்டோ தடுப்பூசியை வருடந்தோறும் தவறாமல் போடுங்கள்.

ரிச்மண்ட் பார்க் உங்கள் வார இறுதி என்பதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் தொடக்கம் வரை அங்கே மான்களின் இணைசேரும் பருவம். கலைமான்கள் கனைப்பதும் கொம்போடு கொம்பு மோதுவதும் தூரத்திலிருந்தே கேட்கும். அந்த நேரத்தில் ஆண் மானுக்கு நாயும் ஒரு எதிரிதான். குறைந்தது 50 மீட்டர் தள்ளி இருக்கச் சொல்கிறது பூங்கா நிர்வாகம். இரண்டு மான்களுக்கு நடுவில் போகவே கூடாது. இந்த வாரங்களில் மணியை வாரிலிருந்து அவிழ்க்காதீர்கள். கூப்பிட்டால் வரும் குட்டி என்பதெல்லாம் ஓடும் மானைப் பார்க்கும் வரைதான். நாய் மானைத் துரத்தினால் வழக்கும் வரும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அக்டோபர் முழுவதும் விம்பிள்டன் காமனுக்குப் போவேன், ரிச்மண்டை நவம்பர் பாதிக்குப் பிறகு வைத்துக்கொள்வேன்.

இனி இருட்டு. செப்டம்பர் தொடக்கத்தில் மாலை ஏழே முக்கால் வரை வெளிச்சம் இருந்தது. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைத்ததும் நாலரையைத் தாண்டியதுமே சூரியன் மறைந்துவிடும். உங்கள் ஆறு மணி நடை ஒரே நாளில் முழு இருட்டுக்குள் போய்விடும். முடிந்தால் பெரிய நடையை மதியத்துக்கோ காலைக்கோ மாற்றி, மாலையில் தெருவிளக்கு உள்ள வழியில் ஒரு சின்னச் சுற்று போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒளிரும் கழுத்துப்பட்டை வாங்குவீர்கள், ஆனால் காக்கபூவின் கழுத்து முடிக்குள் அது புதைந்து வெளிச்சமே தெரியாது. போட்டுவிட்டு தெருவின் அந்தப் பக்கம் போய் நின்று பாருங்கள். ஹார்னஸின் (மார்பைச் சுற்றிப் போடும் பட்டை) முதுகில் மாட்டும் சின்ன விளக்கு இன்னும் நன்றாகத் தெரியும். மின்னிக்கொண்டே இருப்பதைவிட நிலையாக எரிவது நாய்க்கும் தொந்தரவில்லை. உங்கள் மேலும் ஒளி பிரதிபலிக்கும் பட்டை இருக்கட்டும், கறுப்பு ஜாக்கெட்காரர் ஓட்டுநர் கண்ணில் பட மாட்டார். இருட்டில் நீளும் வார் வேண்டாம். மெல்லிய அந்தக் கயிறு சைக்கிள்காரர் கண்ணில் படாது. குட்டையான சாதாரண வார்தான் நல்லது.

கடைசியாக வெடி. தீபாவளியும் நவம்பர் 5 பான்ஃபயர் நைட்டும் பக்கத்தில் பக்கத்தில் வருவதால் இங்கே வெடிச்சத்தம் வாரக்கணக்கில் இருக்கும். இரவு 11 முதல் காலை 7 வரை வெடிக்கத் தடை, பான்ஃபயர் நைட்டில் நள்ளிரவு வரையும் தீபாவளியன்று ஒரு மணி வரையும் விலக்கு உண்டு. அதாவது மாலை நடை நேரத்தில் சட்டப்படியே வெடிக்கலாம். அந்த வாரங்களில் பொழுது சாய்வதற்கு முன் நடையை முடித்துவிடுங்கள், இரவில் ஒன்றுக்கு விடுவதற்குத் தோட்டத்துக்கும் வாரோடுதான். ஹார்னஸிலும் கழுத்துப்பட்டையிலும் இரண்டு இடத்தில் கொக்கி மாட்டிப் பிடித்தால், பயந்து பின்வாங்கும் நாய் ஒன்றை உருவினாலும் மற்றொன்று பிடித்துக்கொள்ளும். கழுத்துப்பட்டைக்கு அடியில் இரண்டு விரல் போகும் அளவு சரி. மறுநாள் காலை தெருவில் கிடக்கும் வெடித்த குழாய்களை மோந்து பார்க்கவும் விடாதீர்கள், அவற்றிலுள்ள இரசாயன உப்புகள் நச்சு. வீட்டில் செய்யும் பலகாரங்களில் உலர்திராட்சை போட்ட லட்டு, கேசரி, பாயசம் எதுவும் மணிக்கு வேண்டாம். திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், எவ்வளவு தின்றால் ஆபத்து என்று அளவு சொல்ல முடியாது. வெங்காயம் போட்ட வடையும் வேண்டாம், வெங்காயமும் நாய்க்கு நச்சு. அம்மாவிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், பாசத்தில் ஊட்டிவிடுவார்.

பொது இடத்தில் நாயின் கழுத்துப்பட்டையில் உரிமையாளரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது 1992ஆம் வருட ஆணைப்படி சட்டம். மைக்ரோசிப் இங்கிலாந்தில் 2016 ஏப்ரல் முதல் கட்டாயம். ஆனால் சிப் இருந்தும் வீடு திரும்ப முடியாத நாய்களைப் பார்க்கிறோம், பதிவில் இருப்பது குட்டியை வளர்த்து விற்ற பிரீடரின் எண்ணாகவோ பழைய எண்ணாகவோ இருக்கும். மணியின் சிப் எண்ணைத் தடுப்பூசி அட்டையில் பாருங்கள், எந்தப் பதிவகத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்து உங்கள் பெயரும் இப்போதைய போன் எண்ணும் இருக்கிறதா என்று தீபாவளிக்கு முன்பே சரிபார்த்துவிடுங்கள். அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது ஸ்கேனரை வைத்து ஒருமுறை படித்துக் காட்டச் சொன்னால் எந்தக் கிளினிக்கிலும் செய்து காட்டுவார்கள்.